டம்ளர் முதலாளி

என் அக்காவின் கணவரைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் "படிப்படியாக உயர்ந்தவர்" என்று எழுதிவிடுகிறார்கள். லிஃப்ட் செய்து விற்றுப் பெரும் பணக்காரரான மனிதரைப் பற்றி எழுதுகிறோமே, படியை எதற்கு இழுக்கிறோம் என்று ஒருவராவது யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் படிப்படியாக உயர்ந்தவள் என் அக்காதான். நாட்டில் பாதிக் கட்டடங்களில் அத்தான் செய்த லிஃப்ட் ஓடுகிறது. வெகுகாலம் வரை அவற்றில் ஒன்றில்கூட அவள் ஏறியதில்லை. பண்டிகை, கல்யாணம், ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும் புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு படியைத் தேடிப் போய்விடுவாள்.

காரணம் எனக்குத் தெரியும். அத்தான் முதன்முதலில் செய்த லிஃப்டில் அவளோடு நானும் மாட்டிக்கொண்டேன்.

அப்போது அக்கா ஒரு துணிக் கிடங்கின் மேல் மாடியில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாள். அத்தான் அதே கிடங்கில் மெக்கானிக். சங்கிலி, கப்பி, மோட்டார் என்று எது மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர் முதலாளியிடம் போய், துணி மூட்டைகளை மேலே ஏற்ற ஒரு லிஃப்ட் செய்து தருகிறேன் என்று சொல்லி, காயலான் கடையிலிருந்து சாமான் வாங்கி வந்து, வேலை நேரம் போக மீதி நேரத்தில் அதைச் செய்து முடித்தார். மூட்டைகளுக்காகத்தான் செய்தேன் என்று இன்றைக்கும் சாதிப்பார். மூட்டைகள் முகம் பார்த்துக்கொள்ளவா உள்ளே கண்ணாடி மாட்டினீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

அன்றைக்கு அக்கா மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வயது, எதிலும் மூக்கை நுழைக்கிற வயது. "ஏறிப் பாருங்க, சும்மா காத்து மாதிரி போகும்" என்று அத்தான் அக்காவைப் பார்த்துச் சொன்னார். என்னை அவர் பார்க்கவே இல்லை. நானாக ஏறிக்கொண்டேன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே போய், ஒரு முக்கு முக்கி, நின்றுவிட்டது.

மேல் மாடித் தரைக்கும் கூண்டின் கூரைக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அத்தான் மேலே ஓடிப்போய்க் குப்புறப் படுத்து, அந்த இடைவெளி வழியாக எங்களைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கண்ணும் அரை மீசையும்தான். மோட்டார் சூடு ஆறவேண்டும் என்றார். அது ஆறுகிற நேரத்துக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். தான் சொந்தமாகத் தொழில் தொடங்கப்போவது, ஊரில் கட்டடங்கள் உயரப்போவது, முட்டி வலிக்காரர்கள் எல்லாம் தன்னை வாழ்த்தப்போவது என்று அடுக்கிக்கொண்டே போய், மூச்சு விடாமல், "அப்புறம், உங்களுக்குச் சம்மதம்னா உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு இருக்கேன்" என்றும் சொல்லிவிட்டார்.

"முதல்ல எங்களை வெளியே எடுங்க" என்றாள் அக்கா.

வெளியே எடுத்தார். அக்கா புடவையிலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "சரி, சம்மதம். ஆனா இனிமே உங்க பெட்டியிலே நான் ஏற மாட்டேன். முதல்ல ஒரு டம்ளர் தண்ணியை ஏத்துங்க. அது தளும்பாம மேல போய்ச் சேரட்டும். அப்புறம் மனுஷங்களை ஏத்தலாம்."

கோபத்தில் சொன்ன வார்த்தை. அத்தான் அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

மாவு மில்லுக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த கொட்டகையில் அவர் கம்பெனி ஆரம்பித்தபோதே அந்த வழக்கம் வந்துவிட்டது. லிஃப்டைச் செய்தவர் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார். அத்தான் அதை ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு கீழ் மாடியிலிருந்து உச்சி மாடி வரை போவார். ஒரு சொட்டு சிந்தினாலும் லிஃப்ட் திரும்பிப் பட்டறைக்கு வந்துவிடும். தரையைத் தொட்டுப் பார்த்து ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் வேலை. என் விசிட்டிங் கார்டில் விற்பனைப் பிரிவு இயக்குநர் என்று போட்டிருக்கும். உண்மையில் நான் வாழ்நாளெல்லாம் லிஃப்டுக்குள் குந்தி உட்கார்ந்து தரையைத் தடவியவன்.

ஊரே சிரித்தது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் அவருக்கு "டம்ளர் முதலாளி" என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு சொட்டு விழுந்ததற்காக, தலைமை டாக்டர் கெஞ்சக் கெஞ்ச, அத்தான் லிஃப்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து சிரிப்பு நின்றது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறவனுக்கு அலுங்காமல் போகிற லிஃப்ட் வேண்டும் என்று ஆஸ்பத்திரிகள் வரிசையில் நின்றன. பின்னாலேயே ஓட்டல்கள், வங்கிகள், அடுக்குமாடிகள் எல்லாம் வந்தன. கொட்டகை தொழிற்சாலையானது, தொழிற்சாலைக்குத் தம்பி தங்கைகள் பிறந்தன. அத்தான் கோட்டுப் போட ஆரம்பித்தார். வெற்றியின் ரகசியம் என்ன என்று யார் கேட்டாலும் "தண்ணி" என்பார். கேட்டவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டு மரியாதையாக நகர்ந்துவிடுவார்கள்.

பணம் வந்ததும் மூன்று மாடி வீடு கட்டி, நடுவில் சந்தன நிற மரத்தில் இழைத்து ஒரு லிஃப்ட் வைத்தார். அக்காவுக்காக என்றார். அக்கா அதற்குள் வாளியும் துடைப்பமும் வைத்தாள். தினம் காலையில் இரண்டு பேரும் சாப்பிட மேலே போவார்கள், அவர் லிஃப்டில், அவள் படியில். எப்போதும் அவள்தான் முதலில் போய்ச் சேர்வாள். அவர் நடுவில் நிறுத்தி, மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவார். அவள் வாசலில் காபியோடு நின்று, "வந்துட்டீங்களா, வழி தவறிட்டீங்களோன்னு பார்த்தேன்" என்பாள். நான் அந்த வீட்டுக்குப் போவதே இந்தக் கூத்தைப் பார்க்கத்தான்.

அவர்களுக்கு ஒரே மகள். வெளிநாட்டில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தவள். அப்பாவின் பிடிவாதமும் அம்மாவின் வாயும் அப்படியே வந்திருக்கின்றன. நாட்டிலேயே உயரமான கோபுரத்துக்கு லிஃப்ட் செய்யும் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தபோது, "இதை நீயே பண்ணு" என்று அவளிடம் விட்டார் அத்தான். அவள் தனியாகச் செய்யும் முதல் லிஃப்ட். இது நல்லபடியாக முடிந்தால் கம்பெனியே அவள் கைக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் சோதனை. மகள் டம்ளரை நிரப்பினாள். அத்தானும் நானும் ஏறினோம். வழுக்கிக்கொண்டு போனது. நான் எத்தனையோ லிஃப்டில் போனவன், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நகர்கிறதா நிற்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. உச்சியில் குனிந்து தரையைத் தடவினால் ஈரம்.

மகள் கூண்டு ஓடும் தண்டவாளத்தை அடியிலிருந்து உச்சி வரை பிரித்து, ஒவ்வொரு இணைப்பையும் திரும்பப் பொருத்தினாள். வாரக்கணக்கில் அந்தக் கோபுரத்திலேயே கிடந்தாள். இரண்டாவது சோதனை. மறுபடி ஈரம், இந்த முறை என் முழங்கால் பக்கம் பேன்ட்டும் நனைந்தது.

"நான் டம்ளரைத் தரையிலே வச்சு மேல கீழ அனுப்பிப் பார்த்தேன்ப்பா. தண்ணி அசையவே இல்ல" என்றாள் மகள்.

"தரையிலே வச்சா கணக்கு இல்ல. மனுஷன் கையிலே சிந்தக்கூடாது" என்றார் அத்தான். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

அன்று சாயந்திரம் அவள் என் அறைக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். "மாமா, எனக்கு இந்த வேலை வரல போல. திறப்பு விழா முடிஞ்சதும் நான் போயிடறேன். வெளிநாட்டுல என் பழைய ப்ரொஃபசர்கிட்ட கேட்டிருக்கேன்." அழுகிற பெண் கிடையாது அவள். அழவும் இல்லை.

அவரிடம் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று நேரே அத்தான் அறைக்குப் போனேன். வாசலில் ஏ.சி. மெக்கானிக் ஏணியோடு நின்றுகொண்டிருந்தார். முதலாளி அறையில் ஏ.சி. ஒழுகுகிறது என்று திரும்பத் திரும்பப் புகார் வருகிறதாம். கூரையை ஒருமுறை பிரித்தே பார்த்துவிட்டாராம், சொட்டுத் தண்ணீர் இல்லையாம். "கம்பளம் மட்டும் தினம் நனையுது சார். எனக்கே பயமா இருக்கு" என்றார் பாவம்.

கதவைத் தட்டாமல் திறந்தேன். அத்தான் அறையின் நடுவே நின்றுகொண்டிருந்தார், கையில் டம்ளர். கோட்டின் கை முழங்கை வரை நனைந்திருந்தது. மேஜை மேல் ஒரு குடம் தண்ணீர். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. விளிம்பிலிருந்து தண்ணீர் துள்ளித் துள்ளிக் கம்பளத்தில் விழுந்தது.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துபோனது. இத்தனை வருஷமாக லிஃப்டுக்குள் என் கண் தரையிலேயே இருந்திருக்கிறது. டம்ளர் பிடித்த கையை நான் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை.

"ஏ.சி. ஒழுகுதாமே" என்றேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தவறு செய்து பிடிபட்ட பையன் முகம். "பிராக்டீஸ் பண்ணா சரியாயிடும்னு பார்த்தேன்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"வயசு ஆயிடுச்சு, அவ்வளவுதான்னு சொல்லிட்டான். அதைச் சொல்ல அவனுக்கு ஃபீஸ் வேற."

"அத்தான், உங்க பொண்ணு தண்டவாளத்தைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டிக்கிட்டிருக்கா. தப்பு தன்னோடதுன்னு நினைச்சு நாட்டை விட்டே போகப் போறா. உங்களுக்கு இது நல்லா இருக்கா?"

"போறாளா?" என்றார். முகத்தில் ஈயாடவில்லை. "வெளியே சொன்னா என் கையிலேர்ந்து டம்ளரை வாங்கிடுவாங்கடா. கம்பெனியை எடுத்துக்கட்டும், நாற்காலியை எடுத்துக்கட்டும், எனக்கு ஒண்ணும் இல்ல. முதல் தடவை மேல போறது இருக்கு பாரு, அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு. திறப்பு விழா அன்னிக்கு மூணாவது தடவை பார்க்கலாம். அன்னிக்குச் சிந்தாது."

"சிந்தினா?"

அவர் மறுபடி குடத்தைச் சாய்த்து டம்ளரை நிரப்ப ஆரம்பித்தார். கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். மெக்கானிக்கிடம் ஏணியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

நேரே அக்காவிடம் போய்க் கொட்டினேன். அவள் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்கச் சொல்லி முடித்ததும், இவ்வளவுதானா என்பது போலப் பார்த்தாள்.

"இதுக்கா இப்படி ஓடி வந்தே? எனக்குத் தெரியும்டா."

"தெரியுமா? எப்படி?"

அவள் அவருக்கென்று எடுத்து வைத்திருந்த டம்ளரைக் காட்டினாள். பாதிதான் இருந்தது. அவர் முழு டம்ளர் குடிக்கிற மனிதர். பாதியாக ஊற்றினால் நடுங்கினாலும் சிந்தாது, அவருக்கும் கூச்சமாக இருக்காது.

"பொண்ணுகிட்ட சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"அது அவர் வாயாலே வரணும். நான் சொன்னா கோள், நீ சொன்னா வம்பு." காபியைத் தட்டில் வைத்தாள். "பார்க்கலாம்."

அவள் 'பார்க்கலாம்' என்றால் ஏதோ முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம். எனக்கு அதற்குமேல் கேட்கத் தைரியம் இல்லை.

திறப்பு விழா அன்று கோபுரத்தின் கீழ்த்தளம் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. கோபுரத்தின் சொந்தக்காரர், பெரிய மனிதர்கள், பத்திரிகைக்காரர்கள், கேமராக்கள். பாதிப் பேரை ஏற்கெனவே பின்பக்கம் கட்டட வேலைக்காகப் போட்டிருந்த சாமான் லிஃப்டில் உச்சி மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் கதவு திறக்கும்போது படம் எடுக்க வேண்டுமாம். போட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர் முன்வரிசையில் வந்து நின்று, கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை ஒரு அறை விடவேண்டும் போல இருந்தது.

மகள் டம்ளரை நிரப்பினாள். இரண்டாம் தடவையும் தண்டவாளத்தை முழுக்கப் பிரித்து மாட்டியிருந்தவள், வேண்டுமென்றே விளிம்புக்கு மேலே குமிழாக நிற்கும்படி நிரப்பினாள். அவள் பிடிவாதம் அப்படி. அப்பாவிடம் கொடுத்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் சாமான் லிஃப்டில் உச்சி மாடிக்குப் போய்விட்டாள். அத்தான் டம்ளரை வாங்கி நெஞ்சோடு அணைத்தாற்போல் வைத்துக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே நான்.

கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது. அக்கா.

புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்தாள், கண்ணை இறுக்கி மூடினாள், ஆற்றில் இறங்குகிறவள் போல ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு மற்ற கால். வெளியே யாரோ கைதட்டினார்கள். என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் அங்கே எங்கள் தொழிற்சாலை ஆட்கள் மட்டும்தான். அவர்கள் தட்டவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். கதவு மூடியது.

"நீயா?" என்றார் அத்தான்.

"குடுங்க இப்படி" என்று அக்கா கண்ணை மூடியபடியே கையை நீட்டினாள்.

"வேண்டாம். நானே பிடிச்சுக்கறேன்."

"என்னங்க, கை நடுங்குது உங்களுக்கு."

"யார் சொன்னா?" என்று என்னை முறைத்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல. எவ்வளவு நாளா பாதி டம்ளர் காபி குடிக்கறீங்க?"

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சர்க்கரை ஏறிடும்னு நீ குறைச்சு ஊத்தறேன்னு நினைச்சேன்" என்றார்.

"நினைச்சுக்கிட்டீங்க. நல்லது. இப்ப குடுங்க."

அவர் கொடுத்தார். குமிழாக நின்ற தண்ணீர் அந்தக் கைமாற்றத்தில் எப்படிச் சிந்தாமல் இருந்தது என்று எனக்கு இன்னமும் தெரியாது. அக்கா ஒரு கையில் டம்ளர், மறு கையில் என் காதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. அத்தான் பொத்தானை அழுத்தினார்.

"நகருதாடா?" என்றாள் அக்கா.

"நகருதுக்கா. காதை விடு."

"பொய் சொல்லாதே. ஒண்ணுமே தெரியல."

"உன் பொண்ணு பண்ணதுக்கா. அதான் தெரியல."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே தெருக்கள், மேம்பாலம், மொட்டை மாடிகளில் காயும் துணிகள் எல்லாம் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மற்றக் கண்ணையும் திறந்தாள். என் காதை விட்டாள். "அம்மாடி" என்று மெல்லச் சொன்னாள். வாய் காது வரை விரிந்தது. கிடங்கில் டைப் அடித்துக்கொண்டிருந்தவளின் சிரிப்பு அது, நான் மறந்தே போயிருந்தேன். அத்தான் வெளியே பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அதில் ஒரு சொட்டு தரையில் விழுந்திருந்தால் நான் என்ன கணக்கு எழுதியிருப்பேன் என்று ஒரு கணம் பைத்தியக்காரத்தனமாகக் கவலைப்பட்டேன்.

உச்சியில் கதவு திறந்தது. கேமராக்கள் மின்னின. நான் குந்தி உட்கார்ந்து, மூலை மூலையாகத் தரையைத் தடவினேன். "காய்ஞ்சு கிடக்கு" என்று கத்தினேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. மகள் மட்டும் அசையாமல், அம்மா கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை லிஃப்டுக்குள் பார்த்த அதிர்ச்சியே அவளுக்கு இன்னும் தீரவில்லை.

அத்தான் கையைத் தூக்கினார். கூட்டம் அடங்கியது. தூக்கிய கை எல்லோரும் பார்க்க நடுங்கியது. அவர் அதை இறக்கவில்லை.

"இந்த லிஃப்டை நான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன்" என்றார். "லிஃப்ட் மேல தப்பு இல்ல. பாருங்க, என் கைதான் நடுங்குது. அதை ஒத்துக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு. என் பொண்ணு மேல பழியைப் போட்டுட்டேன்." பிறகு மகளைப் பார்த்து, "நான் பண்ணதுலே எதுவும் இந்த அளவுக்கு நல்லா வந்ததில்லம்மா. இனிமே டம்ளர் உன்னோடது" என்றார்.

மகள் அப்பாவின் கையையே பார்த்தாள். "ரெண்டு தடவை முழுசாப் பிரிச்சேன்ப்பா" என்றாள். "அத்தனை போல்ட்டையும்."

"தெரியும்மா."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்ல?" என்று சொல்லிக்கொண்டே வந்து அந்த நடுங்குகிற கையைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் அழுதாள். "நான் எங்கேயும் போகல" என்று என்னிடம் சொன்னாள், ஏதோ நான்தான் டிக்கெட் வாங்கிக் கொடுத்தவன் மாதிரி.

போட்டிக் கம்பெனிக்காரர் அந்த நேரத்தில் சாமான் லிஃப்டில் குலுங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், நன்றாகச் சிரித்தேன்.

இந்தக் களேபரத்தில் அக்கா லிஃப்டை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளேயே நின்று, விளிம்பில் வாய் வைத்து, தண்ணீரை நிதானமாகப் பாதி குடித்தாள். மீதியை அத்தானிடம் நீட்டினாள். அவர் அத்தனை பேர் எதிரிலும் இரண்டு கையாலும் வாங்கினார். டம்ளர் ஆடியது, உள்ளே தண்ணீரும் ஆடியது. பாதிதானே, ஒரு சொட்டும் சிந்தவில்லை. கடைசி வாய் வரை குடித்துவிட்டு, காலி டம்ளரை மகளிடம் கொடுத்தார்.

"நீ வந்ததே பெரிசு" என்றார் அக்காவிடம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பயந்திருப்பே. வா, நான் கூட வரேன், மெதுவா படியிலேயே இறங்கிடலாம்."

"படியா?" என்றாள் அக்கா. "இத்தனை மாடி நடந்து இறங்க உங்களுக்கென்ன பைத்தியமா? உள்ளே வாங்க."

அவர் உள்ளே போனார். நானும் பழக்க தோஷத்தில் பின்னாலேயே காலை வைத்தேன். "நீ எங்கேடா வரே, படியிலே வா" என்று அக்கா என்னைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.